பிக்கப் இல்லாத ஆர்ச்டாப் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங் போடலாம்?

ராயபுரத்தில் இருக்கேன், பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சிக்னலாக்கி ஆம்ப்புக்கு, அதாவது ஒலிபெருக்கிக்கு, அனுப்பும் கருவி) இல்லாத பழைய ஆர்ச்டாப் (முன்பலகை வளைவாக இருக்கும் கிட்டார்) கிடைச்சிருக்கு, ஜாஸ்னா ஃப்ளாட்வவுண்ட்தான் போடணுமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் என்பதுதான் என் பதில். ஃப்ளாட்வவுண்டில் மேலே சுற்றியிருப்பது தட்டையான பட்டை, அதனால் விரல் இழுபடும் கீச்சொலி இருக்காது, ஆம்ப்பில் போட்டால் அருமை. ஆனால் ஆம்ப் இல்லாமல் வாசித்தால் சத்தம் நம்ம வீட்டு ஃபேனைக்கூடத் தாண்டாது.

பிக்கப் வழியாக வரும் மெத்தென்ற ஒலியையே ஜாஸ் கிட்டார் என்று காது பழகிவிட்டது, அவ்வளவுதான். 1937-இல் கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன், அத்தனை டிரம்பெட்டுகளுக்கும் சாக்ஸபோன்களுக்கும் நடுவே பெரும்பாலும் ஆம்ப் இல்லாமலேதான் தாளம் பிடித்தார். தடித்த ஸ்ட்ரிங், உயர்த்திய பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கைத் தாங்கும் துண்டு), கையில் பலம்.

உங்களுக்கு 12 கேஜ் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) சரியாக இருக்கும், கேஜ் என்றால் தடிமன், அதாவது முதல் ஸ்ட்ரிங் 0.012 அங்குலம். கழுத்து நேராக இருந்து விரலும் தாங்கினால் அப்புறம் 13 போய்ப் பார்க்கலாம். சுற்றுக் கம்பிக்குப் பாஸ்பர் பிரான்ஸ் என்ற உலோகம் என் தேர்வு. எலக்ட்ரிக் கிட்டார் செட் வாங்கினால் மூன்றாவது ஸ்ட்ரிங் சுற்றில்லாத வெறும் கம்பியாக வந்துவிடலாம், கவனம். ஆர்ச்டாப்பின் மர பிரிட்ஜ் பெரும்பாலும் சுற்றுள்ள மூன்றாவது ஸ்ட்ரிங்குக்காகத்தான் செதுக்கியிருக்கும், வெறும் கம்பி போட்டால் கழுத்தின் மேல் ஃப்ரெட்டுகளில் (விரல் வைக்கும் குறுக்குக் கம்பிகளில்) சுருதி விலகும். பின்னால் மேக்னெட்டிக் பிக்கப் வைக்கிற எண்ணம் இருந்தால் பிரான்ஸை விட்டுவிட்டு நிக்கலுக்குப் போங்க, ஏன்னா பிரான்ஸ் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் எஃகு மட்டும்தான் கேட்கும். (ஜிப்ஸி ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் பாணி கிட்டார் வேற கதை, அதுக்கு வெள்ளி பூசிய செம்புச் சுற்று, 10 அல்லது 11.)

அடுத்தது நம்ம ஏரியா பிரச்சினை. நான் தண்டையார்பேட்டை, கடல் காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் சாதா பிரான்ஸ் சீக்கிரமே கறுத்து, தொட்டாலே சொரசொரன்னு இருக்கும். பூச்சு போட்ட ஸ்ட்ரிங் விலை கூடத்தான், இங்கே அது தண்டம் இல்லை. கையைக் கழுவிட்டு எடுங்க, வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கமும் துடைங்க. புதுசாகப் போட்ட அன்று வரும் ஜில்ஜில் சத்தத்தைக் கேட்டு மிரளாதீங்க, நாலு நாளில் தணியும், கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது) அதற்கப்புறம்தான் நன்றாக இருக்கும்.

மாற்றும்போது ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றாதீங்க. ஆர்ச்டாப்பில் பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டார்கள், ஸ்ட்ரிங் அழுத்தத்தில்தான் நிற்கும். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்க.