அப்பாவின் உயிலும் அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரமும்

கேள்வி: எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். அப்பா எட்டு மாதம் முன்பு காலமானார். தாத்தா வழியில் வந்த இரண்டு ஏக்கர் நஞ்சையும், அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடும் இருக்கின்றன. இரண்டையும் தன் பெயருக்கே அப்பா உயில் எழுதிவிட்டதாக அண்ணன் சொல்கிறார். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதியது, பதிவு செய்யவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த அப்பாவின் கைநாட்டுதான் அதில் இருக்கிறது. சாட்சிகள் அண்ணனின் மச்சானும் அவர் நண்பரும். நகல் கேட்டால் தரவில்லை, பட்டா மாற்ற வேண்டும் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். “அண்ணனைப் பகைச்சுக்காதே” என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். உயில் செல்லும் என்றால் உங்கள் விடுதலைப் பத்திரம் அண்ணனுக்கு எதற்கு? பட்டா மாற்றும்போது மற்ற வாரிசுகளின் சம்மதத்தைத் தாலுகா ஆபீசில் கேட்பதுண்டுதான், ஆனால் விடுதலைப் பத்திரம் வெறும் சம்மதம் இல்லை, உங்கள் பங்கையே விட்டுக்கொடுத்துப் பதிவு செய்வது. அதைப் போட்டுவிட்டு உயில் பொய் என்று பிறகு தெரியவந்தாலும், பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

உயில் பதிவாகவில்லை என்பதை மட்டும் வைத்து வாதாட முடியாது. உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். கைநாட்டும் செல்லும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 63-ஆவது பிரிவு கேட்பது, எழுதியவரின் கையெழுத்து அல்லது ரேகை, அதோடு குறைந்தது இரண்டு சாட்சிகள். அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தோ, தான் இட்டது என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் அவர்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சொத்துக்குப் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று, வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் நிரூபிக்கவே வேண்டாம் என்று ஆகிவிடாது. நீங்கள் மறுத்தால், அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி உயிலை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அண்ணனுடையது. உயிலைச் சுற்றிச் சந்தேகம் எழுந்தால் அதைக் களைய வேண்டியவரும் உயிலைக் கொண்டுவருபவரே என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எல்லாம் ஒரே பிள்ளைக்கு, மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை, சாட்சி அவருடைய மச்சான், கையெழுத்துப் போடுகிறவர் கைநாட்டு வைத்திருக்கிறார். இதில் எதுவும் தனியாக உயிலைச் சாய்க்காது, சேர்ந்து வரும்போது நீதிபதி கட்டாயம் கேள்வி கேட்பார்.

உயில் கையில் கிடைத்தால் பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். முத்திரைத்தாள் விற்பவர் வரிசை எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர் எல்லாம் அங்கே எழுதியிருப்பார். உயிலின் தேதிக்குப் பிறகு விற்ற தாள் என்றால் உயில் பொய் என்பதற்கு வேறு ஆதாரமே தேவைப்படாது. அப்பா அந்தச் சமயம் ஆஸ்பத்திரியில் இருந்தாரா, கை விழுந்திருந்ததா, பேங்கில் அப்போது கையெழுத்துப் போட்டாரா என்பதற்கான காகிதங்களையும் இப்போதே சேர்த்து வையுங்கள்.

இனி நிலம். உயில் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அப்பா தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தாத்தா சொத்து என்றாலே பூர்வீகம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள், கோர்ட்டில் அப்படிக் கிடையாது. தாத்தா தானே வாங்கிய நிலம், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்தார் என்றால், அது அப்பாவுக்கு வந்தபோது அவருடைய தனிச்சொத்தாகவே வந்தது, முழுவதையும் அவர் யாருக்கும் எழுதலாம். தாத்தாவுக்கே அவர் அப்பாவிடமிருந்து வழிவழியாக வந்த கூட்டுக்குடும்ப நிலம் என்றால் நீங்களும் பிறப்பால் பங்காளி. அதே சட்டத்தின் 2005 திருத்தமும், அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை என்று சொன்ன 2020 வினீதா சர்மா தீர்ப்பும் இதை உறுதி செய்துவிட்டன, உங்களுக்குக் கல்யாணம் ஆனதும் இதைத் தடுக்காது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே அப்பாவும் அண்ணனும் பாகம் பிரித்துக்கொள்ளாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் நீங்கள் இருவர் மட்டும்தான் என்றால், பூர்வீக நிலத்தில் அப்பா, அண்ணன், நீங்கள் ஆளுக்கு மூன்றில் ஒன்று. உயில் நின்றாலும் உங்கள் மூன்றில் ஒன்றை யாரும் தொட முடியாது. உயில் விழுந்தால் அப்பாவின் பங்கும் மூன்றாகப் பிரியும். உங்களுக்கு ஒன்பதில் நான்கு, அண்ணனுக்கு நான்கு, அம்மாவுக்கு ஒன்று. வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் விழுந்தால் மூவருக்கும் சமம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அந்த உயிலால் பறிபோவது அவருடைய பங்கும்தான்.

இந்த வாரமே தாசில்தாருக்கு ஓர் ஆட்சேபணை மனு எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பட்டா உரிமையை முடிவு செய்யாது, அது சிவில் கோர்ட்டின் வேலை, ஆனாலும் மனு கோப்பில் இருப்பது நல்லது. அப்படியே சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலத்தின் மூலப் பத்திரத்துக்கும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் நகல் மனு போடுங்கள். வேறு உயில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். உயில் தனிப் புத்தகத்தில் ஏறுவதால் வில்லங்கச் சான்றில் தெரியாது, ஆனால் எழுதியவர் இறந்தபின் இறப்புச் சான்றிதழோடு யார் கேட்டாலும் நகல் தருவார்கள்.

பிறகு, உயில் நகல் கேட்டு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அண்ணன் மசியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு, கூடவே நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடை. வழக்கு நடக்கும்போதே சமரச மையத்தில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, அம்மாவின் மனசுக்கு அதுதான் நல்லது. அந்தப் பேச்சுக்கும் உயிலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.