ஊர் திரும்பிய பிறகும் ஒரு யூனிட்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் எனக்கு. ராணுவத்தில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வயது 37. இப்போது காரைக்குடியில் ஒரு வங்கியில் காவலாளி. காசுக்குக் குறையில்லை, மனம்விட்டுப் பேசத்தான் ஆளில்லை. பிராந்திய ராணுவத்தில் (டெரிட்டோரியல் ஆர்மி) பகுதி நேரமாகச் சேரலாம் என்கிறான் பழைய கூட்டாளி. “இத்தனை வருஷம் போனது போதாதா?” என்கிறாள் மனைவி. என்ன செய்யட்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

காலையில் அணிவகுத்து நிற்கும் ஃபாலின், இரவில் லங்கர் என்னும் சமையற்கூடத்தின் முன் தட்டோடு வரிசை, ஆபீசர் முதல் சிப்பாய் வரை கூடி உண்ணும் படாகானா. இருபது வயதிலிருந்து இதில் ஊறியவர் நீங்கள். உங்கள் முகம் வாடினால் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தெரிந்துவிடும். ஊரிலோ உங்களை லீவில் வந்தவராகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். “எப்ப வந்தீக, எப்பக் கெளம்புறீக?” என்பதற்கு மேல் பேச்சு நீளாது.

செட்டிநாட்டுக்கு இது புதிதா என்ன? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன செட்டியார்கள் கிட்டங்கி என்னும் பொதுக் கடைக்கூடத்தில் வரிசையாகப் பெட்டி போட்டுக் கணக்கெழுதி, அங்கேயே உண்டு, அங்கேயே படுத்தார்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊர். அவர்கள் ஈட்டியதையும் கட்டிய வீட்டையும் இன்றுவரை பேசுகிறோம். கூட இருந்தவர்களைப் பிரிந்து வந்து அத்தனை பெரிய வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்தார். 1962, 1965, 1971 போர்களில் அதன் வீரர்களுக்கும் பங்குண்டு. சொந்தப் பிழைப்பு உள்ளவர்களையே எடுப்பது அதன் விதி. அதுதான் உங்களுக்குத் தோது: வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம் பயிற்சி, மிச்ச நாளெல்லாம் வீடும் வேலையும். திருச்சியிலும் கோவையிலும் பட்டாலியன்கள் இருக்கின்றன. 42 வயது வரை எடுக்கிறார்கள், அதனால் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மனைவி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் 17 வருஷமும் வீட்டைத் தனியாகச் சுமந்தவர் அவர். இது நிரந்தர வேலையில்லை. ஆனாலும் தேவைப்பட்டால் முழுநேரப் பணிக்கு அழைப்பார்கள், மாதக்கணக்கில் போக வேண்டிவரும். அதை மறைக்காமல் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு கிளம்புங்கள். வேலை தருபவரிடம் ஆட்சேபணையில்லை என்று கடிதம் வாங்க வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். அப்புறம், அடுத்த ஆள்சேர்ப்பு எப்போது என்று சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.