சிறையிலிருந்து திரும்பிய தம்பி: மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்த என் தம்பி மூன்று வாரங்களுக்கு முன் வீடு திரும்பினான். வயது 41. இரவில் தூங்குவதில்லை, விளக்கை அணைக்கவும் விடுவதில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றாலும் வாசலைத் தாண்ட மறுக்கிறான். வந்த நாளிலிருந்து இருமல் வேறு. சொந்தக்காரர்கள் சோம்பேறித்தனம் என்கிறார்கள். கிளினிக்குக் கொண்டுபோனால் எங்கே இருந்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டுமா?”

சொல்லுங்கள், அம்மா. பதிவு முகப்பில் எல்லாரும் கேட்கும்படி சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரின் அறைக்குள் கதவைச் சாத்திய பிறகு சொன்னால் போதும், அதை ரகசியமாகக் காப்பது அவருடைய கடமை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த தோட்டப்புற ஊரில் இந்தத் தயக்கம் எவ்வளவு பாரமானது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இருமலோடு வரும் சாதாரண நோயாளிக்குச் சளி மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடிய மருத்துவர், உங்கள் தம்பி ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்தவர் என்று தெரிந்தால் அன்றே சளிப் பரிசோதனைக்கும் நெஞ்சு எக்ஸ்ரேக்கும் எழுதுவார்.

காரணம் காசநோய். நெரிசலும் காற்றோட்டக் குறைவும் உள்ள அறைகளில் அது எளிதில் பரவுகிறது. சிறையில் இருப்பவர்களுக்கு அந்நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 10 மடங்கு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கிருமி உடலில் உறங்கிக் கிடந்து, விடுதலையான பிறகும் விழித்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. நோய் உறுதியானால் வழக்கமாக ஆறு மாத மாத்திரையில் குணமாகும். அப்போது வீட்டில் உள்ள நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் எச்ஐவியையும் ஹெபடைடிஸ் சி கிருமியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசியையோ, பச்சை குத்தும் முள்ளையோ, சவரக் கத்தியையோ பகிர்ந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றலாம். இருபது முப்பது ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமலே கல்லீரலைச் சுருங்க வைத்துவிடக்கூடும். முன்பு நம் மக்களுக்கு எட்டாத விலையில் இருந்த இதன் மருந்துக்காக மலேசியா 2017இல், காப்புரிமை உள்ள மருந்தின் மலிவான வகையை அரசே பெற வழிசெய்யும் அரசாங்க உரிமத்தைப் பயன்படுத்தியது; 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரை போதும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமடைகிறார்கள். இப்படியொரு வாய்ப்பை வெட்கத்துக்காக இழக்கக் கூடாது.

ரத்த அழுத்தம், இனிப்பு நீர், பல் ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம். ஆண்டுக்கணக்கான பதற்றம் ரத்தக்குழாய்களைப் பாதிக்கிறது. சிறை சென்று வந்த இளவயதினருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக வருவதை அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சிறை மருத்துவத்தில் 50 அல்லது 55 வயதுக்காரரையே முதியவராகக் கணக்கிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. உடல் அவ்வளவு வேகமாகத் தேய்கிறது. தம்பி அரசு தரும் எஸ்டிஆர் (சும்பாங்கான் துனாய் ரஹ்மா) ரொக்க உதவி பெறுபவரானால், 40 வயதைக் கடந்திருப்பதால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தின் இலவசப் பரிசோதனைக்குத் தகுதி பெறலாம்.

இனி தூக்கமும் வாசலும். இரவெல்லாம் விளக்கு எரியும் இடத்தில், யார் எப்போது நெருங்குவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்த ஒருவருக்கு இருட்டும் அமைதியும்தான் இப்போது அச்சம் தருகின்றன. எழுவது, உண்பது, கதவு திறப்பது எல்லாவற்றையும் பிறரே முடிவு செய்த பிறகு, ‘நீயே போய் வேலை கேள்’ என்ற ஒரு சொல்கூட மலையாகத் தெரிகிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விளக்கு எரியட்டும். உறங்கும்போது தொட்டு எழுப்பாமல், தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தோசையா சப்பாத்தியா என்பது போன்ற சிறு முடிவுகளை அவரிடமே விடுங்கள். ஒரு மாதமாகியும் தூக்கம் திரும்பாவிட்டாலும், கெட்ட கனவுகள் தொடர்ந்தாலும் மனநலப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். முன்பு போதைப்பழக்கம் இருந்ததா? இருந்திருந்தால் இந்த வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. உள்ளே இருந்த காலத்தில் உடல் தாங்கும் திறனை இழந்திருக்கும், பழைய அளவே உயிரைப் பறிக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானோரைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்காக இருந்தது. முதன்மைக் காரணம் போதைப்பொருள். ஹெராயின் பழக்கம் என்றால் அரசு கிளினிக்குகளில் மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சை உண்டு. கண்டிப்பதற்கு முன் அதைக் கேட்டு வாருங்கள்.

வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்க்கப் போகும் நாளில், “அக்காவுக்குத் துணைக்கு வா” என்று கூப்பிடுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவரை உட்காரவையுங்கள்.