கவுன்சலிங்கை நிறுத்துவதற்கு முன் இன்னும் ஒரு செஷன்

கேள்வி: எனக்கு 36 வயது. மடிப்பாக்கத்தில் இருக்கிறேன், தனியார் வங்கி ஒன்றில் வேலை. போன வருஷம் அப்பா தவறியதிலிருந்து சரியான தூக்கம் இல்லை, சின்ன விஷயத்துக்கும் படபடப்பு. மயிலாப்பூரில் ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்டிடம் 7 வாரமாகப் போகிறேன். செஷனுக்கு 1,500 ரூபாய். அவர் பொறுமையாகக் கேட்கிறார், ஆனால் ‘இப்படிச் செய்யுங்கள்’ என்று எதுவும் சொல்வதில்லை. கடைசியாகப் போனபோது அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. இந்த வாரம் ‘உடம்பு சரியில்லை’ என்று வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் போகவில்லை. எனக்கு ஒன்று பிடிக்காவிட்டால் சண்டை போட மாட்டேன், சத்தமில்லாமல் விலகிவிடுவேன். ‘பேசறதுக்கு எதுக்குடி காசு, என்கிட்ட பேசு’ என்கிறாள் அக்கா. பேசிப் பேசியே ஒருவர் மாற முடியுமா? வேறு ஆளைப் பார்க்கட்டுமா, அடியோடு நிறுத்திவிடட்டுமா?

பதில்: இந்த வாரத்துக்குள் அடுத்த அப்பாயின்ட்மென்டை வாங்கிவிடுங்கள். போய், கடிகார விஷயத்தை அவரிடமே சொல்லுங்கள். தொடர்வதா, ஆளை மாற்றுவதா என்பதை அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று விளக்கினால், பேச்சால் ஆள் மாற முடியுமா என்ற கேள்விக்கும் விடை அதிலேயே வந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி ஒன்று உண்டு: “சத்தமில்லாமல் விலகிவிடுவேன்.” அந்தப் பழக்கம் உங்களோடு மயிலாப்பூர் அறைக்குள்ளும் வந்திருக்கிறது. வீட்டில், ஆபீசில், தோழிகளிடம் எப்படி நடந்துகொள்கிறோமோ, சில வாரங்களில் தெரபிஸ்டிடமும் அப்படியே நடக்கத் தொடங்குவோம். அதட்டல் கேட்டு வளர்ந்தவர், தெரபிஸ்டின் புருவம் லேசாகச் சுருங்கினாலும் பயந்துபோவார். எல்லோரையும் சமாதானப்படுத்தியே பழகியவர், ராத்திரியெல்லாம் அழுதுவிட்டு வந்தாலும் “பரவால்ல மேடம், நல்லா இருக்கேன்” என்று தெரபிஸ்டையும் சமாதானப்படுத்துவார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் இதற்கு ‘டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்று பெயர் வைத்தார்; 1912இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். முதலில் சிகிச்சைக்கு இடைஞ்சலாகத் தெரிந்ததைச் சிகிச்சையின் முக்கியமான களமாகவே பிறகு அவர் பார்க்கத் தொடங்கினார். 1946இல் அவர் வழியில் வந்த ஃப்ரான்ஸ் அலெக்ஸாண்டரும் தாமஸ் ஃபிரெஞ்சும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்று புத்திக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அன்று தாங்க முடியாமல் போன அதே உணர்ச்சியை இன்று பத்திரமான ஓர் உறவுக்குள் மறுபடி அனுபவித்து, இந்தத் தடவை அது வேறு விதமாக முடிய வேண்டும் என்றார்கள்.

உங்களுக்கு அந்த ‘வேறு விதமான முடிவு’ என்னவாக இருக்கும்? மனம் புண்பட்டதை ஒருவரிடம் நேருக்கு நேர் சொல்கிறீர்கள். அவர் கோபப்படவில்லை, உங்களை விட்டுவிடவும் இல்லை, உட்கார்ந்து கேட்கிறார். 36 வருஷத்தில் இது எத்தனை தடவை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு தடவை நடந்தாலும் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு மேனேஜரிடமும் கணவரிடமும் அதே வாக்கியம் கொஞ்சம் சுலபமாக வாயில் வரும். பேச்சால் வரும் மாற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்.

எங்கள் துறையில் இந்த உறவை ‘அலையன்ஸ்’ என்போம். கூட்டாளி உறவு என்று வைத்துக்கொள்ளலாம். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் இதை மூன்றாகப் பிரித்தார்: எதற்காக வருகிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து, அதற்காக என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒத்த கருத்து, இருவருக்கும் இடையே நம்பிக்கையும் பிடிப்பும். இதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இரண்டு குறைகள் பின்னிக்கிடக்கின்றன. ‘எதுவும் சொல்வதில்லை’ என்பது இரண்டாவதில் விழுந்த ஓட்டை. கடிகாரம் மூன்றாவதில் விழுந்த அடி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

எண்களையும் சொல்லிவிடுகிறேன், 1,500 ரூபாய் கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டும். 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 30,000 பேருக்கு மேல் பங்கெடுத்த 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அலையன்ஸுக்கும் சிகிச்சைப் பலனுக்கும் உள்ள தொடர்பு சுமார் 0.28 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பலனில் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் இதோடு சேர்ந்து போகிறது என்று அர்த்தம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் பலனோடு இவ்வளவு உறுதியாகச் சேர்ந்து வரும் காரணிகள் சைக்கோதெரபி ஆராய்ச்சியில் குறைவு. நன்றாகத் தேறுகிறவருக்குத் தெரபிஸ்டைப் பிடித்துப்போகிறது, அவ்வளவுதான் என்று ஒருவர் வாதாடலாம். அதிலும் உண்மை உண்டு. அதனால்தான் செஷன் செஷனாகத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். ஒரு வாரம் உறவு உறுதிப்பட்டால் அடுத்த வாரம் அறிகுறிகள் குறைகின்றன, அறிகுறிகள் குறைந்தால் உறவும் உறுதிப்படுகிறது. ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடுகிறது.

உரசல் வராத தெரபி உறவு இல்லை. ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோபர் முரன் என்ற இரு உளவியலாளர்கள் இந்த உரசல்களைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். சிலர் வெளிப்படையாகக் குறை சொல்வார்கள், சிலர் ஒதுங்கிப்போவார்கள் என்று இரு வகை கண்டார்கள். இரண்டாவது வகையில் தெரபிஸ்டுக்கே விஷயம் தெரியாமல் போய்விடும். நம் ஊரில் இது இன்னும் அதிகம். “பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே” என்று கேட்டு வளர்ந்தவர், ‘மேடம்’ என்று கூப்பிடும் ஒருவரிடம் எப்படிக் குறை சொல்வார்? உடம்பு சரியில்லை என்பார், ஊரிலிருந்து விருந்தாளி என்பார், பிறகு வரமாட்டார். சைக்கோதெரபி தொடங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று 669 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் வருஷ ஆய்வு சொல்கிறது. அவர்களில் சொல்லாமல் போன ஒரு வாக்கியத்தோடு போனவர்கள் எத்தனை பேரோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உரசலைப் பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்குச் சிகிச்சைப் பலன் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அடையாறில் நான் பிராக்டிஸ் தொடங்கிய சமயம். மகனைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அந்தப் பையனின் பெயரை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். அவர் திருத்தவில்லை. அடுத்த இரண்டு வாரமும் வந்தார், வெயிலைப் பற்றியும் மெட்ரோ வேலையால் நெரிசலான சாலைகளைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார். எனக்கு என்னவோ இடித்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. மூன்றாவது வாரம், “சார், நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?” என்று கேட்டேன். நீண்ட நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்ல இப்போ அவன் பேரை யாரும் சொல்றதே இல்லைம்மா. நீங்களாவது சரியா சொல்வீங்கன்னு நெனச்சேன்” என்றார். நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன், பெயரைச் சரியாகச் சொன்னேன். அன்றுதான் அவர் முதல் முறையாக அழுதார். அந்த வார இறுதியில் வீட்டில் மனைவியிடம் மகனின் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறார். நான் கற்ற எந்த உத்தியும் அந்த இரண்டு வாரத்தில் அவருக்கு உதவவில்லை, அந்த ஒரு கேள்வி உதவியது. என் தவறு அவருக்கு உண்டாக்கிய வலிக்கு நான் இன்றும் வருந்துகிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது என் வேலை. உறவைக் கட்டிக் காப்பாற்றும் பொறுப்பில் பெரும்பங்கு தெரபிஸ்டுடையது. நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வரவில்லை என்றால் நீங்கள்தான் வாய் திறந்தாக வேண்டும்.

அவர் ஏன் கடிகாரத்தைப் பார்த்தார் என்று நான் சொல்ல முடியாது. செஷன் 45, 50 நிமிடம்தான். அப்பாவைப் பற்றிய பேச்சைப் பாதியில் வெட்டாமல் முடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். அலுப்பாகவும் இருந்திருக்கலாம். எதுவானாலும் உங்கள் வலி உண்மை, அது அவர் காதுக்குப் போக வேண்டும்.

எப்படிச் சொல்வது? செஷனின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் பேச நேரம் இருக்காது. “மேடம், அன்னிக்கு அப்பாவைப் பத்திச் சொல்லும்போது நீங்க கடிகாரத்தைப் பாத்தீங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. அதனாலதான் போன வாரம் வரலை, உடம்புக்கு ஒண்ணும் இல்லை.” இவ்வளவு போதும். வாயில் வராது என்று தோன்றினால், வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வரும்போதே ஒரு தாளில் எழுதி, உட்கார்ந்ததும் நீட்டிவிடுங்கள். என்னிடம் அப்படி நீட்டியவர்கள் உண்டு.

பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் முதலில் உங்களைப் பேசவிடுவார். “அந்த நிமிஷம் உங்களுக்கு என்ன தோணிச்சு?” என்று கேட்பார், தன் பங்கை ஒப்புக்கொள்வார். “நீங்க ரொம்ப சென்சிடிவ்” என்று உங்கள் பக்கமே திருப்பிவிட்டாலோ, முகம் இறுகிப் பேச்சை மாற்றினாலோ, இன்னும் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடலாம். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். “வேற ஒருத்தரைப் பாக்கலாம்னு இருக்கேன், யாரையாவது சொல்லுங்க” என்று அவரிடமே கேட்கலாம்.

அறிவுரை விஷயத்தில் உங்கள் எதிர்பார்ப்பைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஜே.எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973இலேயே குரு-சிஷ்ய உறவை வைத்து இதை எழுதினார். மேற்கத்திய முறை தெரபிஸ்டையும் வருபவரையும் சமமானவர்களாக, ஆனால் சற்றுத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறது, நம் மண்ணில் வழிகாட்டியைத் தேடி வருபவருக்கு அந்தத் தூரம் உறவின்மையாகத் தெரியலாம். ஆகவே கேளுங்கள்: “நாம இப்போ எதை நோக்கிப் போயிட்டிருக்கோம்? வீட்டில் நான் என்ன செய்யணும்?” தூக்கத்துக்குத் திட்டமான பயிற்சிகள் இருக்கின்றன, படுக்கும், எழும் நேரங்களை எழுதிவைப்பதிலிருந்தே தொடங்கலாம். துக்கத்துக்கு அப்படிப் பட்டியல் போட முடியாது, அங்கே கூட இருந்து கேட்பதே பெரும்பாதி வேலை. எந்த இடத்தில் எதைச் செய்கிறார் என்று உங்களுக்குப் புரியும்படி சொல்வது அவர் கடமை. சில வாரத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைச் சேர்ந்து அளந்துபார்க்கச் சொல்லுங்கள்.

சில இடங்களில் மட்டும் பொறுமை கூடாது. தெரபிஸ்ட் உங்களைக் கேலி செய்தால், சாதியையோ மதத்தையோ இழுத்தால், கடன் கேட்டால், தொட்டால், செஷனுக்கு வெளியே தனியாகச் சந்திக்க அழைத்தால், சொன்னதை உங்கள் வீட்டாரிடம் போட்டு உடைத்தால், அன்றோடு நிறுத்துங்கள். சிகிச்சையில் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை. கிளினிகல் சைக்காலஜிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்றும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். எவ்வளவு அன்பான உறவும் தேவையான மருந்துக்கு ஈடாகாது. தூக்கமின்மை இப்படியே நீடித்தால் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் 14416 என்ற அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள்.

அக்காவுக்கு வருகிறேன். அவர் பிரியத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் முன்னால் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி முழுதாகப் பேச உங்களால் முடிகிறதா? அவர் அழுதுவிடுவாரோ என்று பாதியில் நிறுத்துவீர்கள்; நீங்கள் அழுவதைத் தாங்காமல் “விடுடி, அதையே நெனைக்காதே” என்று அவர் நிறுத்துவார். அந்த அறையில் 50 நிமிடமும் உங்களுடையது. எதிரில் இருப்பவரைத் தேற்ற வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இல்லை. காசு கொடுப்பது அந்த ஒருவழிப் பாதைக்காகவும்தான்.

அங்கே என்ன பேசினீர்கள் என்று அக்காவிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பாவைப் பற்றி அவரைப் பேசச் சொல்லி நீங்கள் கேளுங்கள். அவருக்கும் அவர்தானே அப்பா.