சீனியரின் அரசியல் பிடிக்காத ஜூனியர் வக்கீல் என்ன செய்வது?

பார் (வக்கீல் சங்கத்) தேர்தலோ சட்டமன்றத் தேர்தலோ, கேட்டவர் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்ட ஜூனியர் என்று நினைக்கிறேன். "வாயை மூடிக்கிட்டு தொழிலைக் கத்துக்கோ" என்பார்கள். நான் மூடவில்லை.

என் சீனியர் ஆபீசில் மாலையானால் கேஸ் கொடுக்க வரும் கட்சிக்காரர்களைவிட அரசியல் கரைவேட்டிகள்தான் அதிகம். ஒருநாள் அவர்கள் எதிரிலேயே சீனியர் அவர்களுடைய வேட்பாளரைப் பற்றி என்னிடம் கேட்டார். பிடிக்கவில்லை என்றேன். யாரும் பேசவில்லை. "சரி, நாளைக்கு வாய்தா எதெது?" என்று டைரியைப் புரட்டினார். மறுநாளும் நான் எழுதிய பிளெயிண்ட்டை (வழக்கு மனுவை)ச் சிவப்பு மையில் அடித்துத் திருத்தித்தான் கொடுத்தார்.

அந்தத் துணிச்சல், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் குவின்ஸி ஆடம்ஸைப் படித்து வந்தது. அமெரிக்காவை ஏன் இழுக்கிறாய் என்று சண்டைக்கு வராதீர்கள், அவரும் ஜூனியர்தான். 1787இல் ஹார்வர்டு முடித்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட்டில் தியோஃபிலஸ் பார்சன்ஸ் என்ற வக்கீலிடம் சட்டம் பயின்றார். வயது 20. செப்டம்பரில் பிலடெல்பியாவில் அமெரிக்காவின் புது அரசமைப்புச் சட்டம் கையெழுத்தானது. பார்சன்ஸ் அதன் தீவிர ஆதரவாளர். லண்டனில் தூதராக இருந்த அப்பாவும் அதே பக்கம். பையன் மட்டும் எதிர்ப்பக்கம். ஏற்கெனவே செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே இது மேலும் சேர்க்கும், பட்டம் இல்லாத பிரபுக்கள் உருவாவார்கள் என்று அக்டோபர் 12 நாட்குறிப்பில் எழுதினார். இரண்டு நாள் கழித்து, பாஸ்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த வில்லியம் கிரான்ச்சுக்குக் கடிதத்திலும் எதிர்த்து எழுதினார். கிரான்ச் பெரியம்மா மகன், கல்லூரித் தோழனும்கூட. அவரோ புது அரசமைப்பை ஆதரித்தவர். நட்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

1788 பிப்ரவரி 6இல் மாசசூசெட்ஸ் மாநில மாநாடு அதை 187க்கு 168 ஓட்டில் ஏற்றது. ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களில் பார்சன்ஸும் ஒருவர். மறுநாள் ஆடம்ஸ், மனம் முழுதாக ஒப்பவில்லை, ஆனாலும் தோற்ற பக்கம் இருப்பவன் முணுமுணுக்காமல் ஏற்பதே கடமை என்று எழுதிவைத்தார். அதே சட்டத்தின்கீழ் 1825இல் குடியரசுத் தலைவரும் ஆனார்.

எனவே சொல்லுங்கள். நேராகவோ, நம்பகமான நண்பனிடமோ. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குத்திக்காட்டுவதை நான் சொல்லவில்லை. எல்லா சீனியரும் என் சீனியர் போல இருப்பார் என்றும் சொல்லவில்லை.

உண்மையில் ஜூனியர் வாயைத் திறக்கவேண்டிய விஷயம் ஸ்டைபண்ட், அதாவது சீனியர் தரும் மாதப் படி. பஸ் காசுகூடத் தராமல் வருஷக்கணக்கில் கேஸ் கட்டுத் தூக்க வைக்கிறார்கள். என் சீனியர் அரசியலில் அவ்வளவு பெருந்தன்மை. மாசக் கடைசியில் மட்டும் காது கேட்காது.