பெயர் சொல்லி யாரும் கூப்பிடாத வேலை

கேள்வி: வீட்டிலிருந்து தனியாளாகக் கேக் செய்து விற்கிறேன். நாள் முழுக்க ஓடுகிறேன், ஆனால் எதுவும் முடிவதில்லை. தொடங்கியபோது இருந்த ஊக்கமும் போய்விட்டது. தனியாக வீட்டுத்தொழில் செய்பவர்கள் நேரத்தையும் மனத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டில் இருந்தபடி தையல் வேலை செய்கிறவள். ரவிக்கை, பஞ்சாபி உடை, மலாய் வாடிக்கையாளர்களுக்குப் பாஜு கூரோங், பள்ளிச் சீருடைத் திருத்தம் என எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன். உதவிக்கு ஆள் கிடையாது. உங்கள் தொழில் வேறு, என் தொழில் வேறு என்றாலும் நீங்கள் சொல்லும் களைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். ஊக்கம் வரட்டும், பிறகு உட்காரலாம் என்று காத்திருக்காதீர்கள் தங்கை. தனியாக வேலை செய்பவருக்கு அது தினமும் தானாக ஊறாது. யாராவது நம்மைக் கூப்பிட வேண்டும். கூப்பிட ஆளில்லாத இடத்தில் அந்த ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும்.

என் அம்மா இந்த ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். அங்கே பெயர் கூப்பிடுவார்கள், அன்றைக்கு யாருக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்பது அங்கேயே தெரிந்துவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டத் தொடங்குவார்கள். பிறகு பாலைச் சேர்த்து எடுத்துவந்து, நிறுத்து, கணக்கில் எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அந்த வாழ்க்கையை நான் புகழவில்லை. கூலி குறைவு, மழை பெய்தால் வெட்டு இல்லை, துரையும் மேற்பார்வை பார்க்கும் மண்டோரும் சொன்னதுதான் சட்டம். இன்று அந்தக் காடுகளில் பெரும்பகுதி பாமாயில் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. ஆனாலும் அம்மாவின் நாளுக்கு ஒரு தொடக்கம் இருந்தது, இவ்வளவுதான் என்ற அளவு இருந்தது, நிறுத்துப் பார்த்து முடிக்க ஓர் இடம் இருந்தது. வீட்டுத்தொழிலில் இவை எதுவும் தாமாக அமைவதில்லை. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எல்லா நேரமும் வேலை நேரமாகவும் தெரியும், எந்த நேரமும் வேலை நேரமில்லை என்றும் தெரியும். நாள் முழுக்க ஓடியும் எதுவும் முடியவில்லை என்று நீங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே முதலில் உங்களுக்கென்று ஒரு பெரட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் தோழி ஒருவர் எனக்கு இருக்கிறார். பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறியதும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். ஊர்க்கதைக்கு அங்கே இடமில்லை. இன்றைக்கு எதை முடிக்கப் போகிறோம் என்று மட்டும் சொல்வோம். "அக்கா, இன்றைக்கு நான்கு ரவிக்கைக்கும் கை ஏற்றிவிடுவேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, படுக்கையில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பாது. மாலையில் முடித்ததைப் படம் எடுத்து அனுப்புவோம். அவருக்கு ரவிக்கை தைக்கத் தெரியாது, எனக்கு அவர் கைப்பக்குவத்தில் முறுக்கு வராது. அது இங்கே தேவையும் இல்லை. நாம் வேலைக்கு வந்துவிட்டோம் என்பது இன்னொரு ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியாகத் தொழில் செய்பவர்களை வேலைப் பளுவைவிட அதிகமாக வாட்டுவது, செய்ததையும் செய்யாததையும் கவனிக்க ஒருவரும் இல்லாத நிலைதான். உங்கள் ஊரில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். நாசி லெமாக் கட்டுபவராக இருக்கலாம், பூ கட்டுபவராக இருக்கலாம்.

சொல்லும் வேலைக்கு அளவு இருக்க வேண்டும். "இன்றைக்குத் தைக்கப் போகிறேன்" என்பதில் அளவு இல்லை. உங்கள் வேலையில், நாளைய இரண்டு ஆர்டருக்கு மாவு கலந்து சுட்டு ஆறவைப்பது ஒரு நிரை. கிரீம் பூசுவது இன்னொரு நிரை. முடிந்தது, முடியவில்லை என்று சந்தேகமின்றிச் சொல்லக்கூடிய அளவுக்கு வேலையை நறுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த வேலைக்கு எந்த நேரம் பொருந்தும் என்று பாருங்கள். துணி வெட்டுவதைக் காலையில் மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். பகல் வெளிச்சத்தில்தான் நூலின் நிறமும் லைனிங்கின் நிறமும் சேலையோடு ஒத்துப்போகிறதா என்று சரியாகத் தெரியும். தவிர, தவறாக வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. எனவே தெளிவான தலை அந்த வேலைக்கே வேண்டும். எங்கள் தாமான் வீடுகளில் பிற்பகலில் கூரைச் சூடு இறங்கி உடம்பைச் சோர வைத்துவிடும். அந்த நேரத்தில் ஓவர்லாக் அடிப்பது, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது போன்ற யோசிக்க வேண்டாத வேலைகள். பேராக் பக்கம் மாலையில் இடி மின்னலோடு மழை வந்தால் மெஷினின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டியிருக்கும். கொக்கி வைப்பதையும் கையால் விளிம்பு மடிப்பதையும் அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பேன்.

ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய்வது பெரிய மிச்சம். பருத்தி லைனிங் துணியைத் தைப்பதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி ரவிக்கையை இழுத்துவிடும். ஒவ்வொரு ரவிக்கைக்கும் தனித்தனியாக நனைத்தால் பாதி நாள் காய்வதற்கே போய்விடும். வாரத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே நாளில் நனைத்துக் கொடியில் போட்டுவிடுகிறேன். தைக்கும்போது வாடிக்கையாளர் வரிசையைப் பார்ப்பதில்லை, நூல் நிறத்தின் வரிசையைப் பார்க்கிறேன். சிவப்பு நூல் கோத்திருக்கும்போதே சிவப்பெல்லாம் முடிந்துவிடும்.

இனி உங்கள் நேரத்தைத் தின்பவர்களைப் பற்றி. "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அத்தையை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, பக்கத்து வீட்டுக்கு வரும் பார்சலை வாங்கி வைப்பது, உறவினர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நம் தலையில்தான் விழும். உறவை முறித்துக்கொண்டு இந்த ஊரில் வாழ முடியாது, முறிக்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் "இப்போது முடியாது" என்று சொல்வதற்குப் பதில் "மூன்று மணிக்கு மேல் வருகிறேன் அத்தை" என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் என் கணவரைப் பகலில் யாரும் இப்படிக் கூப்பிடுவதில்லை. வீட்டு மெஷின் முன்னால் நான் உட்கார்ந்திருக்கும் நேரமும் ஷிஃப்ட்தான் என்பதை வீட்டிலிருப்பவர்களுக்கு முதலில் புரிய வைக்க வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்புக்கும் இதே கதைதான். காலையில் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை பதில் போடுகிறேன். இரவு பதினொரு மணிக்குப் பதில் சொல்லிப் பழக்கினால், மறுநாளும் அதே நேரத்தில் கேள்வி வரும்.

என்னைப் பொறுத்தவரை, நாள் கணக்கைவிட ஆண்டுக் கணக்கு முக்கியம். எங்கள் ஊர்த் தையலில் தீபாவளியும் நோன்புப் பெருநாளும்தான் பெரிய அலைகள். தீபாவளி அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில் வந்துவிடும். 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. பெருநாள் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்கிறது. 2025-இல் மார்ச் 31 ஆக இருந்தது, 2030 வாக்கில் பிப்ரவரித் தொடக்கத்துக்கு வந்துவிடும். அப்போது பொங்கல், தைப்பூசம், பெருநாள் மூன்று துணிகளும் ஒரே மேசையில் குவியும். பள்ளித் தவணையும் 2026 முதல் மறுபடி ஜனவரியில் தொடங்குவதால், சீருடைத் திருத்தங்கள் டிசம்பரில் வந்து நிற்கின்றன. இதையெல்லாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் வாங்கும் கடைசித் தேதியையும் எழுதிச் சுவரில் மாட்டிவிடுவேன். முன்பணம் இல்லாமல் துணியை வாங்கி வைப்பதில்லை. தேதி கடந்து வருபவரிடம் மறுப்பதும் எளிதாகிறது. முகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம், சுவரைக் காட்டினால் போதும்.

அலை இல்லாத மாதங்களில்தான் மனம் அதிகம் சரியும். ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, எனவே ஆர்டர் குறையும். தொழிலே படுத்துவிட்டது என்று அப்போது முடிவுக்கு வரக் கூடாது. மெஷினைப் பழுதுபார்க்கவும், புதிய கழுத்து வடிவங்களைப் பழகவும், தீபாவளித் துணியைச் சீக்கிரம் கொடுப்பவர்களுக்குக் கூலியைச் சற்றுக் குறைக்கவும் அந்த மாதம் உதவுகிறது. ஈப்போவுக்குப் போய் லிட்டில் இந்தியாக் கடைகளில் புதிதாக வந்த பார்டரையும் லேசையும் பார்த்துவிட்டு வந்தாலே கைகள் தாமாக வேலை கேட்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உழைப்பு எங்கே போகிறது என்று தெரியாதபோதும் ஊக்கம் வற்றும். தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். தொழிலைப் பதியும் அரசு அமைப்பான எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், தொழிற்பெயரில் 60 ரிங்கிட். மிச்சத்தைக் கூட்டு, அதாவது சீட்டு, கட்டுவதில் போடாதீர்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, பணம் போனால் கேட்க வழியில்லை. ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.பின் ஐ-சாரான் திட்டத்தில் நாமாகக் கட்டினால் அரசும் தன் பங்காக ஒரு தொகை சேர்க்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிலும் சுயதொழில் செய்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தனிக் காப்புத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக் கடைசியில் அந்தத் தனி வங்கிக் கணக்கின் அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஊக்கத்துக்காகப் பார்க்கும் எந்தக் காணொளியையும்விட அது எனக்குப் பலம் தருகிறது.

கடைசியாக, வேலையை நிறுத்தும் நேரம். இரவு உணவுக்கு முன் மெஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, முடித்ததை நோட்டில் எழுதுகிறேன். அதற்குப் பிறகு ஊசியைத் தொடுவதில்லை, பண்டிகைக்கு முந்தைய வாரத்தைத் தவிர. உங்களுக்கும் தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு என்று ஆர்டர்கள் குவியும் வாரங்கள் இருக்கும். ஒரு வாரத்தில் உங்கள் அடுப்பு தாங்கும் கேக் எத்தனை என்று முதலில் கணக்கிடுங்கள். அந்த எண்ணையும், ஆர்டர் வாங்கும் கடைசித் தேதியையும் இன்றைக்கே எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுங்கள்.