லீவுக்கு எங்கயும் போகலயா? வாசகர் கேள்வி, அக்கா பதில்

சித்திர வருஷப்பொறப்பு லீவு விட்டாச்சு. இந்த தடவ வந்த கேள்வில முக்காவாசி ஒரே கேள்விதான், "புள்ளைங்கள வச்சிக்கிட்டு என்ன செய்றது அக்கா". எல்லாத்தயும் போட எடமில்ல, அதுனால ஆறு கேள்விய எடுத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் தேயில தோட்டத்துல கொழுந்து எடுக்குறேன். வீட்டுக்காரர் கொழும்புல ஒரு கடையில வேல, வருஷப்பொறப்புக்கு மட்டுந்தான் வருவாரு. பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 6. நான் மலைக்கு போனா திரும்பி வர நாலர மணி ஆயிரும். பக்கத்து வீட்டு புள்ளைங்க நுவரெலியா போறாங்க, மாமா வீட்டுக்கு போறாங்கன்னு பெரியவன் தெனமும் அழுவுறான். எனக்கு காசும் இல்ல, நேரமும் இல்ல. வீட்டுலயே என்ன செய்யலாம்? (தலவாக்கலை பக்கம் ஒரு அம்மா)

பதில்: தங்கச்சி, ஒங்க வீட்டுக்கு பின்னால ரெண்டு தேயில செடி இருக்கா? இல்லன்னா அக்கம்பக்கத்துல யாராவது வேலியோரம் வச்சிருப்பாங்க, கேட்டுக்கங்க. தோட்டத்து மலையில மட்டும் எடுக்க வேணாம், அங்க மருந்து அடிச்சிருப்பாங்க, அதோட அது தோட்டத்துக்கு சொந்தம். இந்த சனி ஞாயிறு புள்ளைங்க கையால தேயிலத்தூள் செய்யுங்க. நெசமாத்தான் சொல்றேன், தூள் கடையிலதான் கெடைக்கும்னு இல்ல, ஒரு சொளகும் ஒரு இரும்பு சட்டியும் இருந்தா போதும்.

சனிக்கெழம பின்னேரம் ரெண்டு புள்ளைங்களயும் கூட்டிட்டு போயி ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா கிள்ள சொல்லுங்க. நீங்க சொல்லிக் குடுக்கணும், ஒங்க வெரல் எப்பிடி மடங்குது, எங்க ஒடிக்குதுன்னு அவங்க பாக்கணும், ஒங்க வேலய புள்ளைங்க இவ்வளவு கிட்டக்க ஒருநாளும் பாத்திருக்க மாட்டாங்க. 200 கிராம் அளவு இருந்தா போதும். கழுவாம அப்பிடியே சொளகுல மெல்லிசா பரப்பி ராத்திரி முழுக்க அடுப்படி பக்கமா வச்சிருங்க, காலைல ஒரு காம்ப எடுத்து மடிச்சு பாருங்க, படக்குன்னு ஒடிஞ்சா இன்னும் வாடல, சத்தமில்லாம வளைஞ்சா சரி.

அதுக்கப்பறம் உருட்டுறது, இதுதான் புள்ளைங்களுக்கு ரொம்ப புடிக்கும். ஒரு சுத்தமான பலகயில கொஞ்சம் கொஞ்சமா போட்டு ரெண்டு உள்ளங்கையாலயும் அழுத்தி உருட்டணும், சப்பாத்தி மாவு பெசையிற மாதிரி இல்ல, துணிய முறுக்குற மாதிரி. இருவது நிமிஷத்துல கை பூரா பச்சையா பிசுபிசுன்னு ஆயிரும், இலையெல்லாம் சுருண்டு புழு மாதிரி ஆயிரும், பச்சப்புல்லு வெட்டுன வாசம் அடிக்கும். அதெல்லாத்தயும் குமிச்சு ஈரத்துணி போட்டு மூடி ரெண்டு மூணு மணித்தியாலம் விட்டுருங்க. ஸ்டோர்ல, அதாவது தேயில ஃபெக்டரியில வேல செய்றவங்க இருந்தா இந்த எடத்துல என்ன நடக்குதுன்னு சொல்வாங்க, ரோலர்ல நசுங்குன இலையோட சாறு காத்துல பட்டு நெறம் மாறுறது இதுதான். அரை மணிக்கு ஒருக்கா துணிய தூக்கி மோந்து பாக்க சொல்லுங்க. பச்ச வாசம் போயி ஆப்பிள் பழம் மாதிரி ஒரு வாசம் வரும், இலை செப்புக் கொடம் நெறத்துக்கு வந்துரும், சின்னவ நிச்சயமா கத்துவா.

காய வைக்கிறது மட்டும் நீங்க செய்யணும், அடுப்பு வேல. நெருப்ப நல்லா கொறச்சு சட்டியில போட்டு கை விடாம கெளறிக்கிட்டே இருங்க, அரை மணித்தியாலத்துக்கு கிட்ட ஆகும், கறுப்பா மொறுமொறுன்னு வெரல்ல நொறுங்குனா எறக்கிரலாம். 200 கிராம் போட்டது 40 கிராமுக்கு கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். பெரியவன் "இவ்வளவுதானா"ன்னு கேப்பான். கேக்கட்டும். நாலர கிலோ கொழுந்துக்கு ஏறக்கொறைய ஒரு கிலோ தூள்தான் ஸ்டோர்லயும் வருதுன்னு சொல்லுங்க, அம்மா ஒருநாளைக்கு எத்தன கிலோ எடுக்குறேன், அதுல எவ்வளவு தூள் வரும்னு அவனே கணக்கு போடட்டும், லீவுல செஞ்ச கணக்கு அதுவா இருக்கட்டும்.

இன்னொன்னும் சொல்லுங்க. 1867 ல லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் மொத மொதல்ல 19 ஏக்கர்ல தேயில போட்டப்ப அவருக்கு ஸ்டோரே கெடையாது, பங்களா வெராண்டாவுல மேச போட்டு கையால உருட்டி, மண் அடுப்புல கரி நெருப்பு வச்சுத்தான் காய வச்சாங்க. ஒங்க புள்ளைங்க ஒங்க இஸ்தோப்புல, வீட்டு முன் திண்ணையில செய்றது அதேதான்.

எங்கம்மாவும் மலைக்கு போனவங்கதான். நாங்க நாலு பேரும் இப்பிடி ஒருதடவ செஞ்சு அம்மாவுக்கு ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்தோம், கொஞ்சம் கருகல் வாசம் கூட இருந்துச்சு. அம்மா சீனி போடாம குடிச்சாங்க, எப்பவும் ரெண்டு கரண்டி போடுறவங்க. ஏன்மா சீனி வேணாமான்னு கேட்டதுக்கு "இருடி, தூள் ருசிய பாக்குறேன்"ன்னாங்க.

கேள்வி: எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்ல. ஐஸ் பழம், புட்டிங்னு ஃபோன்ல பாத்துட்டு புள்ளைங்க கேக்குறாங்க. செலவில்லாம வேற என்ன இனிப்பு செய்யலாம்? (பொகவந்தலாவ)

பதில்: தேங்கா டொஃபி செய்யுங்க. வெள்ளப் பூவா திருவுன தேங்கா ரெண்டு கப், ஓட்டுப் பக்கம் கறுப்பு வராம திருவணும். சீனி ரெண்டு கப், பால் கால் கப், பால் இல்லன்னா தண்ணியே போதும், ரெண்டு ஏலக்கா. சீனியும் பாலும் கொதிச்சு கரஞ்சதும் தேங்காப்பூவ கொட்டி கெளறுங்க, சட்டி ஓரத்த விட்டு சுருண்டு வந்து ஓரத்துல வெள்ளையா சீனி பூக்குற நேரம் பட்டர் தடவுன தட்டுல கொட்டி, வாழ எலயால அழுத்தி சமமாக்கி, சூடு ஆறுறதுக்கு முன்னாலயே கோடு போட்டுருங்க, ஆறிட்டா வெட்டுறப்ப ஒடையும். ரோஸ் கலர் வேணும்னா கலர் போத்தல் வாங்க வேணாம், பீட்ரூட்ட திருவி புழிஞ்ச சாறு ஒரு கரண்டி. பீட்ரூட் நம்ம மலையில வெளையிறதுதானே.

ரெண்டாவது, வெறக அடுப்பு உள்ள வீடுன்னா ராத்திரி சமையல் முடிஞ்சதும் தணல ஒதுக்கி சாம்பலுக்குள்ள சின்ன சின்ன உருளக்கெழங்க தோலோட பொதைச்சுருங்க. முக்கா மணித்தியாலம். தோல் கறுத்து, ஈர்க்குச்சியால குத்துனா லேசா எறங்கும். சாம்பல தட்டி பிச்சு, உள்ளுக்குள்ள உப்பும் மொளகாத்தூளும் கொஞ்சம் மாஜரினும். மழ நேரம் இத திங்கிறதுக்கு ஈடா எதுவும் இல்லன்னு நான் சொல்வேன்.

கொய்யாக்கா, மாங்கா கெடச்சா அச்சாறு போடுங்க. அதுக்கு ரெசிப்பி தேவயே இல்ல.

கேள்வி: வீட்டுக்கு கீழ ஆறு ஓடுது. லீவுல பசங்கள குளிக்க கூட்டிட்டு போகலாமா? பெரிய ஆழம் இல்ல. (ஹட்டன் பக்கம் ஒரு அப்பா)

பதில்: வேணாம் அண்ணே. ஏப்ரல்ல காலைல வெயில் அடிக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இடி மின்னலோட ஊத்தும், அந்த மழ ஒங்க எடத்துல பெய்யணும்னு இல்ல, மேல மலையில பெஞ்சா இங்க வெயில் அடிக்கிறப்பவே தண்ணி கலங்கலா எறங்கி வரும். அணைக்கு கீழ உள்ள ஆறுன்னா வான்கதவு தொறந்தா என்ன ஆகும்னு ஒங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. நான் படிக்கிற காலத்துல எங்க க்ளாஸ் பையன் ஒருத்தன் இடுப்பளவு தண்ணியிலதான் போயிட்டான். அவன் உக்காந்திருந்த மேச வருஷம் முடியிற வரைக்கும் காலியாவே கெடந்துச்சு.

தண்ணி புடிக்கிற, துணி தொவைக்கிற பீலிக்கரைக்கு கூட்டிட்டு போங்க, காலைல பத்து மணி வெயில்ல. துணி அலசிக்கிட்டே புள்ளைங்கள நனைய விடுங்க, மானாப்புல்லு, வாழமட்ட எதுலயாவது சின்ன போட் செஞ்சு தண்ணி ஓடுற கான்ல விட்டு யாரோடது மொதல்ல கீழ வருதுன்னு பந்தயம் வைங்க. மரத்துல, பாறையில குளவிக்கூடு இருக்கான்னு ஒருக்கா நிமிந்து பாத்துட்டு எடத்த முடிவு பண்ணுங்க. கல்லு எறியக் கூடாதுன்னு பசங்களுக்கு கண்டிப்பா சொல்லி வைங்க.

கேள்வி: மகனுக்கு 13 வயசு. லீவு விட்டதுலருந்து ஃபோனும் கையுமா இருக்கான். புடுங்கி வச்சா சாப்பிட மாட்டேங்குறான். ரிலோட் போட்டே காசு முடியுது. (ஹப்புத்தளை)

பதில்: புடுங்காதீங்க. அந்த ஃபோனுக்கு ஒரு வேலய குடுங்க. வீட்டுல அப்பாயியோ அம்மாயியோ இருக்காங்களா? அவங்க கிட்ட அவன ஒக்கார வச்சு ரெக்கோட் பண்ண சொல்லுங்க, அதுக்கு டேட்டாவும் தேவையில்ல. சும்மா "கத சொல்லுங்க"ன்னா பெரியவங்களுக்கு ஒன்னும் வராது, கேள்வி குறிப்பா இருக்கணும். நம்ம ஆளுங்க இந்தியாவுல எந்த ஊருலருந்து வந்தாங்க, மொத பேரு போட்ட தோட்டம் எது, ஒங்க காலத்துல காலைல வேலைக்கு ஆள் கூடுற பெரட்டு எத்தன மணிக்கு, சின்னப் புள்ளைங்கள விட்டுட்டு போற புள்ளமடுவத்துல யாரு பாத்துக்கிட்டா, காமன் கூத்துல ரதி வேஷம் யாரு கட்டுனா, தாலாட்டு ஒன்னு பாடுங்க. இப்பிடி.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்த பத்தி கேக்க சொல்லுங்க. நம்ம ஆளுங்கள்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியாவுக்கு அனுப்பணும்னு எழுதுனாங்கன்னு புத்தகத்துல இருக்கும், ஒங்க குடும்பத்துல யாரு போனா, யாரு நின்னுட்டா, ஸ்டேசன்ல என்ன நடந்துச்சுங்கிறது அப்பாயி வாயிலதான் இருக்கு. அவங்க போன அந்த ரயில ஒப்பாரி கோச்சின்னே நம்ம ஆளுங்க சொல்வாங்க. வயசுப் பையன் ஒருத்தன் இத காதுல கேட்டுட்டு கேம் வெளயாட போறது கஷ்டம்.

ஒரு நோட்புக்ல குடும்ப மரம் வரைய சொல்லுங்க, மேல தெரியாத எடத்துல காலியா விடட்டும். 2023 ல நம்ம ஆளுங்க இங்க வந்து 200 வருஷம் ஆனத நெனச்சு தலைமன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் நம்ம ஆளுங்க நடந்தாங்களே, அந்த பாதய மேப்ல கோடு போட்டு காட்ட சொல்லுங்க, ஃபோன்ல மேப் பாக்குறது அவனுக்கு நல்லாவே தெரியும்.

மொத நாள் மொறைப்பான். பரவாயில்ல, நீங்களும் பக்கத்துல ஒக்காருங்க, ஒங்க ஃபோன கீழ வச்சிட்டு.

கேள்வி: நாங்க அஞ்சு பேர். சீசனுக்கு நுவரெலியா போகணும்னு புள்ளைங்க ஆச. போனா பத்தாயிரத்துக்கு மேல முடியுது, பாதி நேரம் வாகன நெரிசல்லயே போகுது. போகவா வேணாமா? (கொட்டகலை)

பதில்: போங்க, வருஷப்பொறப்புக்கு அடுத்த வர்ற சனி ஞாயித்துல மட்டும் வேணாம், வார நாள்ல மொத பஸ்ஸுல ஏறுங்க. ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கிட்டு, ஃப்ளாஸ்க்ல பிளேன்டீ. கிரகரி வாவிப் பக்கம் எறங்குனா ஒவ்வொன்னுக்கும் காசு, குதிர, போட், பஞ்சு முட்டாய்னு புள்ள கேட்டுக்கிட்டே இருக்கும், நீங்களும் பாவம். அந்த கொளத்த 1873 ல கவர்னர் கிரகரி காலத்துல கட்டுனாங்கன்னு ரோட்டுலருந்தே காட்டிட்டு நேரா சீத்தா எலிய போயிருங்க. அம்மன கும்பிட்டுட்டு கோயில் பின்னால ஓடுற ஓடைக்கிட்ட அனுமார் கால்தடம்னு சொல்ற பாறைய காட்டி கதய சொல்லுங்க, எங்க புள்ளைங்க அந்த எடத்துலருந்து நகரவே மாட்டேன்னுச்சு. அங்கருந்து கொஞ்ச தூரந்தான் ஹக்கல பூந்தோட்டம், டிக்கட்டுக்கு குடுக்குற காசு வீணில்ல. 1861 ல சிங்கோனா மரம் வளக்க ஆரம்பிச்ச எடம் அது, மலேரியா காய்ச்சலுக்கு மருந்து எடுக்குற பட்ட. மத்தியான மழைக்கு முன்னால பஸ் ஏறிருங்க.

அதுவும் முடியாதுன்னா, தலவாக்கலை ரோட்டுல போற பஸ்ஸுல ஏறி டெவோன் நீர்வீழ்ச்சி தெரியிற வளைவுல எறங்கி ஒரு மணித்தியாலம் ஒக்காந்துட்டு வாங்க. 97 மீட்டர். பக்கத்துலயே இருக்கிறதால நம்ம புள்ளைங்க பஸ் கண்ணாடி வழியா மட்டுந்தான் அத பாத்திருக்கும்.

கேள்வி: பேரப்புள்ளைங்க நாலு பேரும் கொழும்புலருந்து வர்றாங்க. எனக்கு முட்டி வலி, ஓட முடியாது. ஒரு நாளாவது அவங்களோட சந்தோஷமா இருக்க என்ன செய்யலாம் மகள்? (மாத்தளையிலருந்து ஒரு பாட்டி)

பதில்: அம்மா, நீங்க ஓடவே வேணாம். போயா, அதாவது பௌர்ணமி அன்னைக்கு ராத்திரி வெளி வாசல்ல பாய் விரிச்சு ஒக்காருங்க. லைட்ட எல்லாம் அணைச்சுட சொல்லுங்க, நெலா வெளிச்சம் போதும், கொழும்புல அந்த புள்ளைங்க இருட்டயே பாத்திருக்காது. சோத்துல பருப்பும் கொஞ்சம் புளிக்கொழம்பும் ஊத்தி, கருவாட்டப் பொரிச்சு ஒடைச்சுப் போட்டு ஒரே சட்டியில பெசைங்க. நாலு பேரயும் சுத்தி ஒக்கார வச்சு ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு உருண்ட வைங்க. ஸ்பூன் கேட்டா குடுக்காதீங்க. உருண்டைக்கு நடுவுல வெரலால ஒரு குழி போட்டு கொழம்பு ஊத்துங்க, அது ஒழுகுறதுக்கு முன்னால வாயில போடணும்னு சொல்லுங்க, அப்பறம் பாருங்க சிரிப்ப.